வேலை தேடும் பிள்ளைக்கு ஜெபத்தோடு சேர்த்து என்ன கொடுக்கலாம்?

நாகர்கோவில் சுற்றுவட்டாரத்தில் எந்தச் சபையின் ஜெபக்குறிப்புப் பெட்டியைத் திறந்தாலும் "மகனுக்கு நல்ல வேலை கிடைக்க" என்று ஒரு சீட்டாவது கிடக்கும். சிலர் படிப்பையும் சேர்த்து எழுதியிருப்பார்கள். பி.இ. மெக்கானிக்கல், பி.எஸ்சி. நர்சிங், டிப்ளமோ சிவில். செவ்வாய்க்கிழமை அந்தோணியார் குருசடியில் மெழுகுதிரி கொளுத்தும் அக்காவும், ஞாயிற்றுக்கிழமை நாகராஜா கோயிலில் பால் ஊற்ற நிற்கும் அம்மாவும், சுசீந்திரம் ஆஞ்சநேயருக்கு வடைமாலை நேர்ந்திருக்கும் அப்பாவும், தக்கலை பீரப்பா தர்காவில் துஆ கேட்கும் பெரியவரும் கேட்பது இதைத்தான். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவில் முதலிடம் இந்தக் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு, 91.75 விழுக்காடு. படித்த பிள்ளைகள் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். அவர்களை எல்லாம் எடுத்துக்கொள்ளும் அளவுக்கு இங்கே தொழிற்சாலைகள் இல்லை. ரப்பர், மீன், தென்னை, வாழை, கடைகள், பள்ளிக்கூடங்கள், ஆஸ்பத்திரிகள். இவற்றில் இடம் கிடைக்காதவர்கள் சென்னைக்கு ரயில் ஏற வேண்டும், அல்லது திருவனந்தபுரத்தில் விமானம் ஏற வேண்டும்.

ஒரு சாயாவுக்கு உட்காருங்கள், நிதானமாகப் பேசலாம். அந்தச் சீட்டை வாசித்து ஜெபித்த பிறகு, சபையோ கோயிலோ பள்ளிவாசலோ அந்தப் பிள்ளைக்கு வேறு என்ன செய்யலாம் என்பதுதான் கேள்வி. நிறையச் செய்யலாம். அதற்கு வழியும் இந்த மண்ணிலேயே இருக்கிறது.

வேலை இல்லாதவனிடமிருந்து என்னென்ன போய்விடுகின்றன என்பதை முதலில் பார்த்துவிட வேண்டும். சம்பளம் போகிறது, அது எல்லாருக்கும் தெரியும். மற்றவை கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆஸ்திரியாவில் வியன்னாவுக்குப் பக்கத்தில் மரியந்தால் என்று ஒரு சிறிய ஊர். ஊருக்கே சோறு போட்ட துணி ஆலை 1930 வாக்கில் மூடப்பட்டது. மரி யஹோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் சைசல் ஆகிய ஆய்வாளர்கள் ஊர் மக்களின் அன்றாடத்தைக் கவனித்து 1933-இல் ஒரு புத்தகம் எழுதினார்கள். வேலை போனால் வாசிக்க நேரம் கிடைக்கும் என்றுதானே நினைப்போம்? அங்கே நூலகத்தில் புத்தகம் எடுப்பது ஏறத்தாழப் பாதியாகக் குறைந்துபோயிருந்தது. ஆண்கள் தெருவில் மெதுவாக நடந்தார்கள், அடிக்கடி நின்றார்கள். காலையிலிருந்து என்ன செய்தாய் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. வீட்டுவேலை ஓயாததால் பெண்கள் மட்டும் பழைய வேகத்தில் நடந்தார்கள். யஹோடா பிற்காலத்தில் இதை இன்னும் தெளிவாக எடுத்துச் சொன்னார். வேலை என்பது சம்பளத்தோடு கூட நாளுக்கு ஓர் ஒழுங்கைத் தருகிறது. வீட்டுக்கு வெளியே நாலு பேரோடு பழக்கத்தையும், பலரோடு சேர்ந்து ஒன்றைச் செய்கிற நோக்கத்தையும், சொல்லிக்கொள்ள ஓர் அடையாளத்தையும், கைக்கு ஓயாத காரியத்தையும் தருகிறது.

நம் ஊர்க் கலுங்கில் மாலை நேரத்தில் போனைப் பார்த்தபடி இருக்கிற பையன்களைச் சோம்பேறிகள் என்று சொல்பவர்கள் மரியந்தாலை ஒரு தடவை நினைத்துக்கொள்ள வேண்டும். போனது அவர்களுடைய நேரம். அதைத் திருப்பிக் கொடுக்கிற சக்தி வழிபாட்டு இடங்களுக்கு உண்டு. ஆறு மணிப் பூசை, சாமித்தோப்பில் அய்யாவழியினரின் உகப்படிப்பு, ஐந்து வேளைத் தொழுகை எல்லாம் நாளைப் பகுத்துக் கொடுப்பவை. குளித்து, சட்டை மாற்றி, வெளியே வந்து நாலு முகம் பார்க்க ஒரு காரணம் கிடைக்கிறது. நம்பிக்கை மனசைத் தேற்றுகிறது என்று நாம் சொல்வதில் பெரும் பங்கு இதுதான் என்பேன்.

ஒரு எச்சரிக்கை. வேலையில்லாமல்தானே இருக்கிறான் என்று பந்தல் கட்டவும் நாற்காலி தூக்கவும் அவனையே கூப்பிடுகிற வழக்கம் எல்லாக் கோயிலிலும் உண்டு. கொடுக்கிறதுதான் கொடுக்கிறீர்கள், அவன் படிப்புக்கு ஏற்ற பொறுப்பைக் கொடுங்கள். திருவிழாக் கணக்கை எக்ஸெலில் போடச் சொல்லுங்கள், மாலை வகுப்பில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கச் சொல்லுங்கள். முடிந்ததும் அதற்கு ஒரு சான்றுக் கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். பயோடேட்டாவில் காலியாகக் கிடக்கும் ஆறு மாதத்துக்கு அது பதில் சொல்லும்.

மதிப்பைத் திருப்பிக் கொடுப்பது என்றால் என்ன என்பதை இந்த நாட்டுக்கு அய்யா வைகுண்டர் காட்டிவிட்டுப் போயிருக்கிறார். 1809 முதல் 1851 வரை வாழ்ந்தவர். சாணார் முதலான மக்கள் தலைப்பாகை கட்டக்கூடாது என்றிருந்த காலத்தில், ஆண்கள் தலைப்பாகை கட்டிக்கொண்டுதான் வணங்க வேண்டும் என்று வைத்தார். இன்றும் சாமித்தோப்பில் அப்படித்தான் வணங்குகிறார்கள். எந்தக் கிணற்றிலும் சேர்ந்து தண்ணீர் எடுக்க முடியாதவர்களுக்கு முத்திரிக்கிணறு பொதுக் கிணறாயிற்று. வேலை கேட்டுப் போகிறவன் குனிந்து நிற்கக் கூடாது என்று இன்று நாம் சொல்லும் புத்திமதிக்கு இதைவிடப் பெரிய முன்னுதாரணம் எனக்குத் தெரியாது.

கைத்தொழில் பக்கம் வந்தால் மார்த்தா மால்ட்டைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. லண்டன் மிஷனைச் சேர்ந்த சார்ல்ஸ் மால்ட்டின் மனைவி. இருவரும் 1819-இன் கடைசியில் நாகர்கோவிலுக்கு வந்தார்கள். மார்த்தா பெண்பிள்ளைகளுக்கு விடுதியோடு ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினார்; ஓரிரு வருடத்துக்குள் அங்கே லேஸ் பின்னவும் கற்றுக்கொடுத்தார். லேஸ் பின்னுவதை நேரில் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். மடியில் ஒரு கெட்டியான தலையணை. அதன்மேல் பூவேலையைப் புள்ளிகளாகக் குத்திய காகிதம். புள்ளிக்குப் புள்ளி குண்டூசி. ஒவ்வொரு நூலின் நுனியிலும் விரல் நீளக் கட்டை. அந்தக் கட்டைகளை இடதும் வலதும் மாற்றி மாற்றிப் போட்டால், ஊசிகளைச் சுற்றி நூல் பின்னிக்கொண்டே வரும். கண் பிசகினால் பிரித்துத்தான் எடுக்க வேண்டும். எழுத்தே எட்டாதிருந்த வீட்டுப் பெண்பிள்ளைகளின் விரலுக்கு இந்த வேலை படிந்தது. பின்னியது ஐரோப்பியர் வீடுகளுக்கு விலைபோனது. பள்ளியும் அதனால் தாங்கி நின்றது.

அந்தக் காசு என்ன செய்தது என்பதைக் கேளுங்கள். திருவிதாங்கூரில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1855-இல்தான். அதற்கு முன்பே, லேஸ் பின்னிச் சேர்த்த பணத்தை எசமானிடம் கட்டித் தங்களை மீட்டுக்கொண்ட பெண்கள் இருந்தார்கள் என்று மிஷன் வரலாறுகள் சொல்கின்றன. சாணார் பெண்களின் மேலாடை உரிமைக்கான போராட்டம் நடந்துகொண்டிருந்த காலமும் அதுவே. அந்த உரிமையைத் தந்த அரச அறிவிப்பு வர 1859 ஆயிற்று. மார்த்தாவின் மகள் எலிசா நாகர்கோவிலில் பிறந்து தமிழைத் தாய்மொழி போலப் பேசி வளர்ந்தவர். 1844-இல் ராபர்ட் கால்டுவெல்லை மணந்து இடையன்குடி போனார். கால்டுவெல் ஒப்பிலக்கணம் எழுதிய வீட்டில், எலிசா அதே லேஸ் வேலையை அந்த ஊர்ப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்.

இதை ஒரு புண்ணியக் கதையாக மட்டும் சொல்லி நிறுத்த எனக்கு மனம் இல்லை. மிஷனரிகளுக்கு மதம் பரப்பும் நோக்கம் இருந்தது. அதை அவர்கள் மறைக்கவும் இல்லை. கைவேலைக்குக் கூலி குறைவு என்கிற குறையும் லேஸ் தொழிலை விட்டதில்லை. ஆந்திராவின் நரசாப்பூரிலும் மிஷனரிகள் வழியாக இதே தொழில் வேர்விட்டது. அங்கே பெண்கள் "சும்மா வீட்டில் இருப்பவர்கள்" என்று கணக்கிடப்பட்டதால் எவ்வளவு குறைந்த கூலிக்கு உழைத்தார்கள் என்பதை மரியா மீஸ் 1982-இல் ஒரு நூலாகவே எழுதினார். ஆகவே தையல் பயிற்சி தொடங்கும் சபைகளிடம் நான் கேட்பது ஒன்று: மிஷின் வாங்கிக் கொடுப்பதோடு விடாமல், தைத்ததை யார், என்ன விலைக்கு வாங்குவார்கள் என்பதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

விலைதான் விஷயம் என்பதைக் கடற்கரைக்காரர்கள் நன்றாக அறிவார்கள். கட்டுமரத்தில் போய்ப் பிடித்து வந்த மீனைக் கரையில் ஏலம் போடுகிறவர், முன்பணம் கொடுத்த வியாபாரியின் ஆளாக இருப்பார். கடன் தீராத வரை அவரிடம்தான் மீனைப் போட வேண்டும். கோட்டார் மறைமாவட்டத்தின் சமூகப் பணிச் சங்கம் 1960-களிலும் 70-களிலும் இந்த இடத்தில் கைவைத்தது. பெல்ஜியத்திலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்ட ஜேம்ஸ் தோம்பர் என்ற குருவானவர் மீனவர்களைச் சங்கங்களாகச் சேர்க்கப் பாடுபட்டார். சங்கம் மீனை விற்றுக் கொடுக்கும், ஒரு பகுதியைச் சேமிப்பாகப் பிடிக்கும், அதைக் காட்டிக் கடன் வாங்கித் தரும். கட்டுமரத்துக்கான மரம் அரிதாகி விலை ஏறிக்கொண்டிருந்தபோது, பியர் ஜிலே என்ற இன்னொரு பெல்ஜியக் குருவானவர் முட்டத்தில் பிளைவுட்டில் படகு கட்டும் வேலையைத் தொடங்கினார். நம் அலையைத் தாங்கும் வடிவத்தை மீனவர்களோடு சேர்ந்து திருத்தித் திருத்திக் கொண்டுவந்தார்கள். பின்னர் வெளிப்பொருத்து மோட்டாரோடு அந்தப் பிளைவுட் படகுகள் தென்கரை முழுக்கப் பரவின. படகு கட்டத் தெரிந்த தச்சர்கள், மோட்டார் பழுதுபார்க்கத் தெரிந்த பையன்கள் என்று புதிய பிழைப்புகளும் வந்தன. சங்கங்கள் சேர்ந்து வளர்ந்து 1980-இல் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு உருவானது. பூசை வைத்த கைகள்தான் இந்தக் கணக்கையும் வரைபடத்தையும் போட்டன.

இப்போது இன்றைய பிள்ளைக்கு வருவோம். முதல் காரியம் எளிது, ஆனால் அதை யாரும் செய்து கொடுப்பதில்லை: பெயரைச் சரிபார்ப்பது. இந்த மாவட்டத்தில் ஞானஸ்நானப் பதிவேட்டில் ஒரு பெயர், பள்ளிச் சான்றிதழில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர் என்பது சர்வ சாதாரணம். ஜெபசிங் என்று ஒன்றில் சேர்த்து எழுதியிருக்கும், ஜெப சிங் என்று இன்னொன்றில் பிரித்திருக்கும். ஒன்றில் அப்பா பெயரின் இனிஷியல் மட்டும், இன்னொன்றில் வீட்டுப் பெயரும் சேர்ந்து இரண்டு இனிஷியல். பாஸ்போர்ட்டில் இனிஷியல் விரிந்து முழுப் பெயராக நிற்கும். உள்ளூரில் இதை யாரும் கேட்க மாட்டார்கள். வெளிநாட்டு வேலைக்குச் சான்றிதழ் சரிபார்க்கும்போது மாட்டிக்கொள்ளும், விசா நின்றுபோகும். எஸ்.எஸ்.எல்.சி. சான்றிதழை நடுவில் வைத்து மற்ற எல்லாவற்றையும் அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மாற்ற வேண்டியதை அரசிதழில் வெளியிட்டு மாற்ற வழி உண்டு, ஆனால் அதற்கு நாள் பிடிக்கும். வேலை வந்த பிறகு ஓடுவதைவிட இப்போதே செய்வது நல்லது. ஓய்வுபெற்ற ஒரு பள்ளி எழுத்தரோ தாசில்தார் அலுவலக ஊழியரோ எந்தச் சபையிலும் இருப்பார். மாதம் ஒரு மாலை அவரை மண்டபத்தில் ஒரு மேசை போட்டு உட்கார வைத்தால் போதும்.

அடுத்தது அறிமுகம். அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் 1970 வாக்கில் பாஸ்டன் பக்கத்தில் வேலை மாறியவர்களிடம் விசாரித்தார். தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களில் ஏறத்தாழ ஆறில் ஒருவருக்குத்தான் அது அடிக்கடி பார்க்கும் ஆள் வழியாக வந்திருந்தது. மற்றவர்களுக்கு எப்போதாவது பார்க்கும் ஆள் மூலம் வந்தது. யோசித்தால் காரணம் புரியும். நம் நெருங்கிய நண்பனுக்குத் தெரிந்தது நமக்கும் தெரிந்திருக்கும். தள்ளி இருப்பவருக்குத்தான் புதுச் சேதி தெரியும். இப்படித் தள்ளி இருக்கும் ஆட்களை வாரம் ஒருமுறை ஒரே கூரைக்குக் கீழே கூட்டுகிற இடம் வழிபாட்டு இடம். டிசம்பர் 3-இல் முடியும் கோட்டார் சவேரியார் திருவிழாவுக்கும், கிறிஸ்துமஸுக்கும், ரம்ஜானுக்கும், கோயில் கொடைக்கும் துபாய்க்காரரும் பெங்களூர்க்காரரும் ஊரில் இருப்பார்கள். அவர்களோடு பிள்ளைகளை ஒரு மணி நேரம் உட்கார வைக்க முடியாதா?

வெளிநாட்டு விஷயத்தில் ஏமாற்றுகிறவன் வருவதும் பெரும்பாலும் நம்பிக்கை வழியாகத்தான். "நம்ம சபைக்காரர்தான்", "நம்ம ஜமாத்து ஆள்தான்" என்கிற ஒரு வார்த்தையில் நகையை அடகு வைத்துப் பணத்தைக் கொடுத்துவிடுகிறார்கள். சட்டம் சொல்வதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பவர் 1983-ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டப்படி மத்திய அரசில் பதிவு செய்திருக்க வேண்டும். அவருடைய பதிவு எண்ணை மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் போட்டுப் பார்க்கலாம். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதன்மேல் ஜி.எஸ்.டி.யும், அதற்கும் ரசீது தர வேண்டும். இரண்டு லட்சம், மூன்று லட்சம் என்று கேட்டால் அங்கேயே எழுந்துவிடுங்கள். "இப்போது டூரிஸ்ட் விசாவில் போ, அங்கே மாற்றிக்கொள்ளலாம்" என்று சொன்னாலும் எழுந்துவிடுங்கள். தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி வேலை என்று நம்பிப் போய், மியான்மர் எல்லைக்குள் கடத்தப்பட்டு இணைய மோசடி செய்ய வைக்கப்பட்டவர்களில் தமிழக இளைஞர்களும் இருந்தார்கள். 2022-இல் அவர்களில் சிலரை மீட்டுக்கொண்டு வந்தார்கள்.

நர்சிங் படித்த பிள்ளைகளுக்கு ஒரு சேதி. வளைகுடா போன்ற நாடுகளுக்கு நர்சுகளை அரசு நிறுவனங்கள் வழியே எடுக்க வேண்டும் என்று 2015-இல் மத்திய அரசு விதித்தது. தமிழ்நாட்டுக்கு அந்த நிறுவனம் சென்னையில் இருக்கும் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம். 1978 முதல் இயங்குகிறது. போகிறவர்கள் பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீட்டையும் எடுத்துக்கொள்ள வேண்டும். இரண்டு வருடத்துக்கு 275 ரூபாய்தான். விபத்தில் இறந்தாலோ நிரந்தர ஊனமானாலோ 10 லட்சம் கிடைக்கும். சந்தேகம் இருந்தால் 1800-11-3090 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது. இந்தப் பத்தியை அப்படியே வெட்டி அறிவிப்புப் பலகையில் ஒட்டினாலும் எனக்குச் சந்தோஷம்.

உள்ளூரில் இருக்கிறவர்கள் கோணத்தில் உள்ள மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தை மறந்துவிட வேண்டாம். பதிவு செய்து என்ன ஆகப்போகிறது என்று கேட்பவர்கள் அதிகம். பதிவை மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பித்தபடி ஐந்து வருடம் காத்திருந்தவர்களில், குடும்ப வருமானம் ஆண்டுக்கு 72,000 ரூபாய்க்குள் இருப்பவர்களுக்கு உதவித்தொகை உண்டு. பத்தாம் வகுப்பு தேறியவருக்கு மாதம் 300, பிளஸ் டூவுக்கு 400, பட்டதாரிக்கு 600. இது வண்டிக்கூலிக்குத்தான் காணும், மறுக்கவில்லை. ஆனால் அந்த அலுவலகம் நடத்தும் தன்னார்வ பயிலும் வட்டத்தில் டி.என்.பி.எஸ்.சி. தேர்வுகளுக்கு இலவச வகுப்பு நடக்கிறது. ஆயிரக்கணக்கில் பணம் கட்டிக் கோச்சிங் சேரும் முன் அங்கே ஒரு நடை போய்ப் பாருங்கள்.

கடைசியாக, நாம் பேசுகிற பேச்சு. சாட்சி சொல்லும் நேரத்தில் "மூன்று வாரம் உபவாசித்தேன், வேலை கிடைத்தது" என்று ஒருவர் சொல்லும்போது, மூன்று வருடமாக ஜெபித்துக்கொண்டிருக்கும் ஒருவர் கடைசி பெஞ்சில் தலை குனிந்து இருக்கிறார். அவருடைய விசுவாசம் குறைந்துபோனதால் வேலை கிடைக்கவில்லை என்று யாரும், எந்த மேடையிலும், ஜாடையாகக்கூடச் சொல்லக் கூடாது. அது உண்மையும் இல்லை, தர்மமும் இல்லை. கல்யாண வீட்டில் "மக்கா, இப்ப என்ன செய்யுத?" என்று நாலு பேர் முன்னால் கேட்பதையும் விட்டுவிடலாம். அதற்குப் பதிலாகத் தனியே கூப்பிட்டு, "உன் பயோடேட்டாவை எனக்கு வாட்ஸ்அப்பில் போடு, நான் ரெண்டு பேரிடம் சொல்லிப் பார்க்கிறேன்" என்று சொல்லுங்கள். சொன்னால் செய்யவும் செய்யுங்கள். ஒரு வாரம் கழித்து, ஒன்றும் நடக்கவில்லை என்றாலும்கூட, கூப்பிட்டு அதைச் சொல்லுங்கள். வேலை தேடுகிறவனை அதிகம் உடைப்பது பதில் வராத போன்.

வெளியூரில் வேலை பார்க்கும் நாஞ்சில் நாட்டுக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஊருக்கு வந்து காணிக்கை போடும்போது, உங்கள் பெயர், செய்யும் தொழில், போன் நம்பர் மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் கோயில் அலுவலகத்தில் கொடுத்துவிட்டுப் போங்கள். யாராவது ஒரு பிள்ளை கூப்பிட்டால் போனை எடுங்கள்.